ஜாடியில் முப்பத்தொரு டெல்மர்

நெல்டாவின் வயிற்றிலிருந்து வந்த கற்கள் நாற்பத்து மூன்று. அவற்றை அவள் ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, ஃபிரிட்ஜில் பால் வைக்கும் தட்டிலேயே வைத்திருந்தாள். பட்டாணி அளவில் பல, திராட்சை அளவில் சில. எல்லாம் பச்சை. எல்லாம் மிதந்தன. அவற்றில் முப்பத்தொன்று டெல்மருடையவை. அதாவது, புருஷன் டெல்மர்மேல் அவள் நாற்பத்தாறு வருஷமாகக் கல்லீரலில் சேர்த்து வைத்திருந்த கோபம். மிச்சம் பன்னிரண்டை அவளுடைய அம்மாவும் அக்காவும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

டெல்மர் தினமும் காலையில் காப்பிக்குப் பால் எடுக்கும்போது அந்த ஜாடியைப் பார்த்தான். பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் தெற்கு மூலையில், மலையடிவாரத்து ஊர் அது. சாக்கடைக் குழாய் ஊருக்கு நடுவில் இருக்கும் நாலு தெருவுக்குத்தான் உண்டு. மற்ற வீடுகளுக்கெல்லாம் செப்டிக் டேங்க். பத்தொன்பது வயதிலிருந்து அந்த டேங்குகளை உறிஞ்சிக் காலி செய்வதுதான் டெல்மரின் தொழில். இப்போது எழுபத்து மூன்று. மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்காத எதையும் அவன் நம்பமாட்டான். டாக்டரை நம்பமாட்டான், பாதிரியாரை நம்பமாட்டான், சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருக்கும் எவனையும் நம்பமாட்டான். நெல்டாவின் கற்களை வெளியே வரவழைத்த வில்லோவை நம்புவதற்கு அவனுக்கு வழியே இல்லை. ஏனென்றால் அவள் வில்லோ ஆவதற்கு முன்னால் பாம் ஸ்ட்ரூபெல்லாக இருந்தவள். அவள் அப்பா க்ளைட், தன் வீட்டு டேங்குக்குள் கோழி இறகைக் கொட்டி நாலு முறை அடைத்த ஆள். பாம் பதினைந்து வருஷம் பாங்கில் வேலை பார்த்தாள், புருஷனை விட்டாள், ஒரு வருஷம் எங்கேயோ போய்விட்டு வந்தாள். வரும்போது ஒரு மரத்தின் பெயரோடு வந்தாள்.

வில்லோ சொல்வது இதுதான். விழுங்கின கோபம் எங்கேயும் போவதில்லை. கல்லீரலில் போய் உட்கார்ந்து கல்லாகிறது. துக்கம் நுரையீரலுக்கு, பயம் சிறுநீரகத்துக்கு. கல்லீரலைக் கழுவினால் கல் வெளியே வரும். வந்த கல்லை ஒவ்வொன்றாக ஸ்பூனில் எடுத்து, அது யார்மேல் உள்ள கோபம், எதற்கான கோபம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். சொல்லிவிட்டால் அது முடிந்தது. திரும்ப வராது. அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பெண்கள் இதைச் செய்திருந்தார்கள். சந்திக்கும்போது, "உனக்கு எத்தனை?" என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டார்கள்.

நெல்டா அங்கே போனதற்குக் காரணம் வலி. வலது விலா எலும்புக்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து முதுகுக்குப் போகும். வசந்த காலத்தில் இரண்டு முறை காய்ச்சலோடு வந்தது. மெட்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் பெரிய கல். பையையே எடுத்துவிட வேண்டும் என்றாள் அறுவை டாக்டர். அடுத்த முறை சீழ் பிடித்துப் பை கிழிந்தால் உயிருக்கு ஆபத்து என்றும் சொன்னாள். டெல்மர் ஸ்கேன் படத்தைப் பார்த்தான். மழை மேகம் மாதிரி இருந்தது. ஒன்றும் புரியவில்லை.

"இதுவரைக்கும் எத்தனை வெட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"ரெண்டாயிரத்துக்குக் கிட்ட."

"செத்தது எத்தனை?"

"ஒருத்தர்," என்றாள் டாக்டர். "அது என்னோட தப்பா, அவர் இதயத்தோட தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது."

வரும் வழியில் டெல்மர், "அவ பரவாயில்ல," என்றான். அவன் வாயிலிருந்து வந்ததற்கு அது பெரிய பாராட்டு. பதினான்காம் தேதி வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் நெல்டா வில்லோவிடம் போய், ஆறு நாள் ஆப்பிள் சாறு குடித்து, பேதி உப்பு குடித்து, ஆலிவ் எண்ணெய் குடித்து, நாற்பத்து மூன்றைக் கழித்துவிட்டு வந்தாள். வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"கல்லெல்லாம் வந்துருச்சும்மா. பதினாலாம் தேதிய வேற யாருக்காவது குடுத்துருங்க."

அன்றிலிருந்து நெல்டா வேறு ஆளாக இருந்தாள். இதைத்தான் டெல்மர் எதிர்பார்க்கவில்லை. பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தாள். அவன் பூட்ஸோடு உள்ளே வந்தபோது ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்தாள். நாற்காலிக்குப் பின்னால் நடந்து போகும்போது அவன் தோளில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை 'செர்ரி பை' செய்தாள், மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அவள் அக்காவுக்கு எதிரில் "மாவு கொஞ்சம் வேகல" என்று அவன் சொன்னதோடு நின்றுபோன பை அது. கற்களில் அது ஏழாவது.

டெல்மர் இரண்டு துண்டு தின்றான். மாவு நன்றாக வெந்திருந்தது.

அந்தக் கற்கள் என்ன என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலின் கொழுப்புத் தொட்டியை வருஷத்துக்கு இரண்டு முறை அவன்தான் திறக்கிறான். பாத்திரம் கழுவும் சோடாக் காரமும் சமையல் கொழுப்பும் சேர்ந்து, உருண்டை உருண்டையாக, இதே மாதிரி மெழுகுப் பதத்தில் மிதக்கும். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு. ஐம்பத்து நாலு வருஷமாக அதை வழித்துப் போடுகிறவனிடம் கல் என்று சொன்னால் எப்படி? அரை டம்ளர் ஆலிவ் எண்ணெய் வாய் வழியே போனது. வயிற்றுக்குள் ஏதோ உப்பும் நீரும் அதைப் பிடித்து உருட்டின. காலையில் வெளியே வந்தது. உண்மையான கல் போன இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்த முப்பத்தொன்றும் திரும்பிப் போய் அவள் வயிற்றில் ஏறிக்கொள்ளும். செர்ரி பை நின்றுவிடும். தோளில் கை நின்றுவிடும். கற்கள் பொய்யென்றால் மன்னிப்பும் பொய்தான். டெல்மர் கணக்கில் மட்டமான ஆள் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தான். ஒன்பது நாள் சும்மா இருந்தான்.

பத்தாவது நாள் மத்தியானம் லாரியை ஷெட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தபோது, நெல்டா சமையலறையில் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை. முகம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்ல முடியாத நிறம்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. மிச்சம் மீதி. வில்லோ சொல்லிருக்கா, ரெண்டாவது தடவை கழுவணும்னு."

டெல்மர் குழாயை மூடினான். ஃபிரிட்ஜைத் திறந்து ஜாடியை எடுத்தான். ஒரு உருண்டையை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு வெளியே போய் லாரியின் மூக்கின்மேல் வைத்தான். ஜூலை வெயில். எஞ்சின் சூடு வேறு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று பார்த்தாள். பச்சை உருண்டை முதலில் பளபளத்தது, பிறகு தட்டையானது, பிறகு ஒரு சொட்டு எண்ணெயாகி பம்பர்வரை வழிந்தது.

"கல்லு உருகுமா நெல்டா?"

"எந்தக் கல்ல எடுத்த?"

"எதையோ."

"எதையோன்னா? அது யாரோடதுன்னு பாத்தியா? நான் சொல்லி முடிச்சதத் திரும்பத் தொடக்கூடாது!"

"அது சோப்பு. டாக்டருக்குப் போன் பண்ணு. உள்ள அந்தக் கல்லு அப்படியேதான் இருக்கு."

அவள் டாக்டருக்குப் போடவில்லை, வில்லோவுக்குப் போட்டாள். வில்லோ சொன்னதைத் தொலைபேசியைத் திருப்பிப் பிடித்து டெல்மருக்கும் கேட்கவைத்தாள்.

"உருகத்தான் செய்யும் டெல்மர். அது கோபம்தானே. வெளிச்சம் பட்டா கோபம் உருகும். இத்தனை வருஷம் இருட்டுல இருந்ததாலதான் கல்லா இருந்துச்சு."

டெல்மர் யோசித்தான். இவளோடு பேசுவது அடியில் ஓட்டை விழுந்த டேங்கை நிரப்புகிற மாதிரி. எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. உருகினால் கோபம், உருகாவிட்டாலும் கோபம். வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

"பாம், நானும் கழுவிக்கிறேன்," என்றான்.

நெல்டா வலியைக்கூட மறந்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"வில்லோ," என்றாள் வில்லோ.

"சரி, வில்லோ. எனக்கும் நோட்டு கொண்டு வா. ஆனா ஒண்ணு, எனக்கு முடியறவரைக்கும் நெல்டா ரெண்டாவது தடவை எண்ணெய் குடிக்கக்கூடாது."

அவன் மனதில் இருந்தது இது. தொண்ணூற்றெட்டில் அவனுடைய பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. விலாவிலிருந்து தொப்புள்வரை தையல் தழும்பு இருக்கிறது. பை இல்லாத ஆளுக்கும் அதே பச்சை உருண்டை விழுந்தால் அது பையிலிருந்து வந்ததில்லை. நெல்டா முட்டாள் இல்லை. கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தான்.

ஆறு நாள் ஆப்பிள் சாறு குடித்தான். அதற்குள் நெல்டாவுக்கு இரண்டு முறை வலி வந்தது. இரண்டாவது முறை காய்ச்சலும் கொஞ்சம் இருந்தது. அவள் தெர்மாமீட்டரை மறைத்தாள். அவன் குப்பைக் கூடையில் மாத்திரை உறையைப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஆறாம் நாள் பேதி உப்பு. அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்தவர் கழிவை ஐம்பது வருஷம் அள்ளியவன் தன்னுடையதைப் பார்த்தே அசந்துபோனான் என்று வைத்துக்கொள்ளலாம். படுக்கப் போகும்போது அரை டம்ளர் ஆலிவ் எண்ணெயும் பம்பளிமாஸ் சாறும். வலது பக்கம் சாய்ந்து அசையாமல் படுத்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நெல்டா.

"சாலட்டை இலை இல்லாம குடிச்ச மாதிரி."

அவள் சிரித்தாள். சிரித்ததில் விலாப்பக்கம் பிடித்துக்கொண்டது. அதை அவன் இருட்டிலும் கவனித்தான்.

காலை எட்டு மணிக்கு வில்லோ நோட்டோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். கழுத்தில் மணி, கையில் மணி. நெல்டா எதிரில். டெல்மர் குளியலறையிலிருந்து சல்லடையை நீட்டிப் பிடித்தபடி வந்தான். ஏற்கனவே ஹோஸ் குழாயில் அலசியிருந்தான். தட்டில் கவிழ்த்து, ஸ்பூனால் தள்ளித் தள்ளி எண்ணினான். வில்லோவும் கூடவே உதட்டை அசைத்து எண்ணினாள்.

அறுபத்தொன்று.

"அறுபத்தொண்ணு!" வில்லோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "டெல்மர், இந்தப் பள்ளத்தாக்குலயே யாருக்கும் இவ்வளவு வந்ததில்ல. எவ்வளவு சுமந்திருக்கீங்க! பாவம், ஒரு வார்த்தைகூட வெளிய சொல்லாம."

"எனக்குப் பித்தப்பையே கிடையாது," என்றான் டெல்மர். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினான். "இருபத்தேழு வருஷமா கிடையாது. அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு?"

"கல்லீரல்ல இருந்து," என்றாள் வில்லோ, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "கல்லு உருவாகிறது அங்கதானே. பை வெறும் வழி. பையை எடுத்தவங்களுக்குத்தான் நிறைய சேரும். போக இடம் இல்ல, பாருங்க."

டெல்மர் சட்டையை இறக்கினான். ஆறு நாள் சாறும் ஒரு நாள் பேதியும் வீண்.

"சரி, முதல் கல்லு," என்று வில்லோ பேனாவைத் திறந்தாள். "யாரு?"

சொல்லாமல் இவள் போகமாட்டாள் என்று தெரிந்தது. டெல்மர் ஸ்பூனில் ஒன்றை எடுத்தான்.

"கவுன்ட்டி இன்ஸ்பெக்டர்."

"எதுக்காக?"

"எண்பத்தஞ்சுல ஒரு டேங்க வேணும்னே ஃபெயில் பண்ணான்."

"அழகு. ரெண்டு?"

"அதே இன்ஸ்பெக்டர்."

"மூணு?"

"உன் அப்பன் க்ளைட். கோழி இறகு."

வில்லோ எழுதினாள். முகம் கொஞ்சம் மாறியது. "வெளியாளுங்க முதல்ல வருவாங்க, அது சகஜம். ஆனா அறுபத்தொண்ணும் வெளியாளு இல்ல டெல்மர். வீட்டுக்குள்ள இருக்கறவங்க. தைரியமா சொல்லுங்க. நெல்டா கேக்கத் தயாரா இருக்கா. இல்லையா நெல்டா?"

நெல்டா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அதுல எனக்கு எத்தனை?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றான் டெல்மர்.

"உடம்பு பொய் சொல்லாது," என்றாள் வில்லோ. "இன்னும் அம்பத்தெட்டு இருக்கு. பாதியாவது..."

"பாதியா?" நெல்டா எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "பாதின்னா முப்பதா? இவனுக்கு என்மேல முப்பதா?"

"நெல்டா, மூச்சை இழுத்து..."

"நீ சும்மா இரு. எனக்கு நாப்பத்து மூணு. நான் எண்ணினேன். ஒவ்வொண்ணா எண்ணினேன். இந்த மனுஷன் வீடு கட்டறப்போ அந்தப் பக்கம் மலை இருக்கு, ஆறு இருக்கு, இந்தத் தொட்டிக்கு மேல ஜன்னலை ஷெட்டுப் பக்கம் வச்சான். நாப்பத்தாறு வருஷம் பீ லாரியைப் பாத்துக்கிட்டே பாத்திரம் கழுவினவ நான். எங்கம்மா சவப்பெட்டி இறங்கறப்போ எவனுக்கோ டேங்க் நிரம்பிருச்சுன்னு பாதியில போனான். எது கேட்டாலும் 'பாக்கலாம்'. கடலுக்குப் போலாமா, பாக்கலாம். ஜன்னலை மாத்தலாமா, பாக்கலாம். அதெல்லாம் சேர்த்து எனக்கு நாப்பத்து மூணு. இவனுக்கு அறுபத்தொண்ணா? எதுக்கு? வேளாவேளைக்குத் தின்னதுக்கா?"

"கோபம் ஆழமா இருந்தா..."

"இவனுக்குக் கோபமே வராது பாம்!" என்று நெல்டா கத்தினாள். "உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? கோபம் வர்றதுக்கு அடுத்தவ சொல்றது காதுல விழணும். இவனுக்கு விழுந்தாத்தானே? உலுக்கி எடுத்தாலும் இவன்கிட்ட நாலு கல்லு தேறாது. இந்த அறுபத்தொண்ணு..." தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். "இது ஆலிவ் எண்ணெய். நேத்து இவன் குடிச்சானே, அதே எண்ணெய். வெறும் சோப்பு."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். வில்லோ நோட்டை மூடினாள். டெல்மர் ஸ்பூனைக் கீழே வைத்தான். அவன் போட்ட திட்டம் ஒன்று, வேலை செய்தது வேறொன்று. அதை வெளியே சொல்ல அவன் முட்டாள் இல்லை.

நெல்டா தட்டைத் தொட்டியில் கவிழ்த்து வெந்நீரைத் திருகினாள். ஃபிரிட்ஜிலிருந்து ஜாடியை எடுத்து அதையும் கவிழ்த்தாள். பிறகு ஈரக் கையோடு தொலைபேசியை எடுத்தாள்.

"நான் நெல்டா ஹாக். அந்தப் பதினாலாம் தேதி இன்னும் இருக்கா?" என்றாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஆமா, காய்ச்சல் இருக்கு. நூத்தி ஒண்ணு. மூணு நாளா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, பதினான்காம் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இப்போதே கிளம்பி வா என்று சொன்ன மாதிரி இருந்தது. வில்லோ நெல்டாவின் கைப்பையை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு அவளைக் குறை சொல்லக்கூடாது. வாசல்வரை வந்து, "நெல்டா, டாக்டர்ங்க செய்யறதையும் நான் மதிக்கிறேன்," என்றாள். நெல்டா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்களின் போக்கு டெல்மருக்குப் புரிந்ததே இல்லை.

மெட்ஃபோர்டுக்கு நாற்பது நிமிஷப் பயணம். டெல்மர் வயிற்றில் மிச்சமிருந்த பேதி உப்பு ஒரு முறை பெட்ரோல் பங்கில் நிறுத்தவைத்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறியபோது நெல்டா சொன்னாள்:

"முப்பத்தொண்ணும் உள்ளதான் இருக்கு. தெரிஞ்சுக்கோ."

"இருக்கட்டும்."

"ஒண்ணுகூட மன்னிக்கல."

"சரி."

"செர்ரி பை எல்லாம் இனிமே கிடையாது."

டெல்மர் வண்டியைக் கிளப்பினான்.

அன்று சாயங்காலமே வெட்டினார்கள். பித்தப்பை கறுத்து ஓரம் மெலிந்து போயிருந்ததாம். இன்னும் நாலைந்து நாள் தள்ளியிருந்தால் கிழிந்திருக்கும் என்றாள் டாக்டர். அவள் காலில் ஓட்டக்காரர்கள் போடும் ஷூ, அதில் ஒரு சொட்டு ரத்தம். கல்லைக் காட்டுங்கள் என்று டெல்மர் கேட்டான். மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கொடுத்தார்கள். ஒன்றே ஒன்று. புறா முட்டை அளவு, பழுப்பு நிறம், சொரசொரப்பு. டாய்லெட்டுக்கு எடுத்துப்போய்க் கை கழுவும் தொட்டியை நிரப்பிப் போட்டுப் பார்த்தான். மூழ்கியது. வெந்நீரைத் திறந்துவிட்டான். உருகவில்லை. இது சரி என்று எடுத்துத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் நெல்டா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். பாத்திரம் டெல்மர் கழுவினான். அந்த இடத்தில் நின்று அவன் பாத்திரம் கழுவியது அதுதான் முதல் முறை. ஜன்னலில் லாரியின் பின்பக்கம் தெரிந்தது. உறிஞ்சு குழாய் சுருட்டி மாட்டியிருந்தது, அதன் வாயிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

நெல்டா வந்து உட்கார்ந்து, மேசைமேல் அவன் வைத்திருந்த அந்தக் கல்லை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"முப்பத்தொண்ணும் ஒண்ணாச் சேந்து இப்படி ஆச்சோ என்னமோ," என்றாள்.

"அது கொழுப்புன்னு டாக்டர் சொன்னா."

"டாக்டருக்கு என்ன தெரியும்? இது அந்த ஜன்னல். நான் சொல்றேன்."

டெல்மர் கரண்டியைக் கழுவி வைத்தான். "மலைப் பக்கச் சுவர்ல தண்ணிக் குழாய் போகுது. அதை நகர்த்தணும்."

"நகர்த்து."

'பார்க்கலாம்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கற்களில் அது பத்தொன்பதிலிருந்து இருபத்தாறுவரை. டெல்மர் வாயை மூடிக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான்.

"எவ்வளவு அகலம்?"

நெல்டா கல்லை மேசைமேல் வைத்தாள். "முதல்ல லாரி மலைப் பக்கம் வராதுன்னு சொல்லு," என்றாள். "இல்லாட்டி புது ஜன்னலுக்கு முன்னாலயும் கொண்டுவந்து நிறுத்துவ."